மண்ணில் எடுப்பது தீரும். கையால் செய்வது நிலைக்கும்

தங்கவயல் சுரங்கங்களுக்கு முதன்முதலாக மின்சாரம் வந்தது 1902-ம் ஆண்டில். சிவசமுத்திரத்தில் இருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்தார்கள். ஆனால் கோடையில் காவிரி வற்றினால் மின்சாரமும் குறைந்துவிடும். அந்தக் குறை தீர அணை கட்டியவர் சர் எம்.விசுவேசுவரய்யா.

அவர் பிறந்தது 1861-ல், சிக்கபள்ளாப்பூர் அருகே முத்தேனஹள்ளி கிராமத்தில். 2007 வரை அந்த ஊர் கோலார் மாவட்டத்தில்தான் இருந்தது. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருமானத்தில் கல்லூரியில் படித்தார். பிறகு புனாவில் என்ஜினீயர் பட்டம் பெற்றார்.

1909-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமை என்ஜினீயர் ஆனார். 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியது. அப்போது சிமெண்டு பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. விலையும் அதிகம். எனவே செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கிச் சாந்திலேயே அணை எழும்பியது.

1912-ல் திவான் ஆனார். மைசூர்ச் சந்தனக் கட்டை அதுவரை வெளிநாட்டுக்குப் போய், எண்ணெயாக மாறி வந்தது. முதல் உலகப்போரில் ஏற்றுமதி தடைப்பட்டது. கட்டைகள் தேங்கின. உடனே இங்கேயே எண்ணெய் ஆலை, தொடர்ந்து சோப்பு ஆலை ஏற்பட்டன. தொழிலுக்குப் பணம் வேண்டும் என்று 1913-ல் மைசூர் வங்கி பிறந்தது.

அரசு வேலையில் பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்கும் பிரச்சினையில் மகாராஜாவுடன் கருத்து வேறுபாடு. 1918-ல் பதவி விலகினார். ஆனால் அவர் திட்டமிட்ட பத்ராவதி இரும்பாலை நட்டத்தில் தவித்தபோது, திரும்பி வந்து பொறுப்பேற்று நிமிர்த்தினார். அருகில் நிலக்கரி இல்லாததால் அங்கே மரக்கரியைக் கொண்டே இரும்பு உருக்கினார்கள்.

1934-ல் இந்தியா முழுவதற்கும் பத்தாண்டுத் தொழில் திட்டம் ஒன்றைப் புத்தகமாக வெளியிட்டார். முதல் ஐந்தாண்டுத் திட்டம் வந்தது அதற்கு 17 ஆண்டுகள் கழித்துத்தான். 1955-ல் பாரத ரத்னா விருது பெற்றார். 1962-ல் காலமானார்.

நம் பாட்டன்மார் வெட்டிய தங்கத்தின் லாபம் நெடுங்காலம் லண்டனுக்குப் போனது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கமும் மூடப்பட்டது. பிழைப்புக்காகப் பலர் விடியற்காலை ரெயிலில் பெங்களூருக்குப் போகிறார்கள். ஆனால் அதே தங்கவயலில் பெமல் தொழிற்சாலை நிற்கிறது, புல்டோசர் செய்கிறது. தோண்டியது தீர்ந்தது; செய்யும் தொழில் நிலைத்தது. அவர் வாழ்நாளெல்லாம் பாடுபட்டது இதற்காகத்தான்.