ஆர்பன்: ஒவ்வொரு சுரத்தையும் சீராக்கிய ஆசான்

பாடசாலை பேண்ட் அணியில் ட்ரம்பெட்டையோ கோர்னெட்டையோ ஏந்திய எந்தப் பழைய மாணவிக்கும் அந்த முதல் மாதம் நினைவிருக்கும். வாசிக்க நினைத்த சுரம் ஒன்று. வெளியே வந்தது வேறொன்று. கருவியில் இருப்பவை மூன்று வால்வுகள் மட்டுமே. ஒரே விரல் பிடியில் பல சுரங்கள் ஒலிக்கும். அவற்றுள் எது வரும் என்பதை உதடும் மூச்சும் காதுமே தீர்மானிக்கின்றன. இந்தத் தடுமாற்றம் தீர ஓர் ஒழுங்கான வழியை வகுத்துத் தந்தவர் ஷோன் பப்டிஸ்ட் ஆர்பன்.

பிரான்சின் லியோன் நகரில் 1825 பெப்ரவரி 28 இல் பிறந்த ஆர்பன், 1841 இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் டோவெர்னேயிடம் ட்ரம்பெட் பயின்று, 1845 இல் முதற்பரிசு பெற்றார். ஆனால் அவர் மனம் நாடியது கோர்னெட்டை. அது அப்போது வயதில் இளைய கருவி. நடன அரங்குகளிலும் இராணுவ பேண்டுகளிலும் ஒலித்த அதற்கு இசைக் கல்லூரியில் தனி வகுப்புக் கிடையாது. பிறர் இலேசாக எண்ணிய கருவியை மதிப்புக்குரியதாக்க வேண்டுமாயின், அதைப் பிழையின்றி வாசித்துக் காட்டவும் வேண்டும். பிறருக்குக் கற்பிக்கவும் வேண்டும். இரண்டையும் அவர் செய்தார்.

1857 இல் இராணுவப் பாடசாலையில் சக்ஸ்ஹோர்ன் ஆசிரியரானார். 1864 இல் அவருடைய பெரும் பயிற்சி நூல் வெளிவந்தது. வாய்முனையை உதட்டில் எங்கே வைப்பது, நாவால் சுரத்தை எப்படித் தொடங்குவது என்பவற்றிலிருந்து அது ஆரம்பிக்கிறது. முதலில் நீண்ட, எளிய சுரங்கள். பின்னர் ஒரே மூச்சில் சுரங்களை இணைத்தல், சுர வரிசைகள், தாவும் இடைவெளிகள். விரைவான பகுதிகளுக்கு ‘து’, ‘கு’ என நாவை மாறி மாறி அசைக்கும் பயிற்சி. ஒவ்வொரு பாடமும் ஒரே ஒரு சிக்கலை எடுத்து, அது கைவசமாகும் வரை பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறது. நூலின் இறுதியில்தான் ‘வெனிஸ் திருவிழா’ போன்ற கடினமான உருப்படிகள் வருகின்றன.

1869 இல் பாரிஸ் இசைக் கல்லூரி கோர்னெட் வகுப்பை ஆரம்பித்து, அவரையே பேராசிரியராக்கியது. 1874 இல் விலகியவர் 1880 இல் மீண்டும் அதே வகுப்புக்குத் திரும்பினார். 1889 ஏப்ரலில் தமது 64 ஆவது வயதில் பாரிசில் காலமானார். அவரது நூலோ இன்றும் உலகெங்கும் கோர்னெட், ட்ரம்பெட் மாணவர்களின் கைகளில் இருக்கிறது.

ஒரு பாடலை ஆரம்பம் முதல் முடிவு வரை பத்துத் தடவை வாசித்தால், பிழையும் பத்துத் தடவை பழகிவிடும். சறுக்கும் இரண்டு சுரங்களை மட்டும் எடுத்து, முதலில் மனதுக்குள் பாடி, மெதுவாக வாசித்து, உதடு களைத்தால் சற்று ஓய்ந்து, மறுநாளும் தொடர்வதே பயன் தரும்.

பொல்பிட்டிய மலைச்சரிவிலிருந்து உலகின் பல திசைகளுக்கும் சென்ற எமது சகோதரிகள், நூற்றாண்டை முன்னிட்டுப் பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்கின்றனர். புதிய கருவிகளை வாங்கிக் கொடுப்பது நல்லதே. அவற்றோடு, வாரந்தோறும் வந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியரும் இருந்தால், அணிநடையின் முன்னே செல்லும் எங்கள் தங்கைகளின் சுரம் தவறாது.