ரம்போர்டு பிரபுவின் இரண்டு அடுப்புகள்

பௌதிகம் படிக்கும் எவரும் ரம்போர்டு பிரபுவின் பெயரைக் கேட்டிருப்பர். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் ஒரு பொருள் அன்று, இயக்கத்தின் வடிவமே என்று 1798-ல் எடுத்துக் காட்டியவர் அவர். எங்கள் பாடப் புத்தகம் அவருக்கு ஒதுக்கிய இடம் அரைப் பக்கம். அதற்கு வெளியே அவர் எத்தகைய மனிதர் என்று தேடப் புகுந்தேன். அமெரிக்காவில் ஒரு சிற்றூர் அவரை முற்றிலும் வேறு விதமாக நினைவில் வைத்திருப்பதைக் கண்டேன். அவர் வரலாற்றோடு அவ்வூரின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

அவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ல் மாசசூசெட்ஸில் உள்ள வூபர்ன் என்னும் ஊரில், எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்தார். பதின்மூன்றாம் வயதில் ஒரு கடையில் வேலை பழகச் சேர்ந்தார். 1772-ல், பத்தொன்பது வயதில், கான்கார்டு என்ற ஊரில் தம்மைவிட மூத்தவரான ஒரு செல்வ விதவையை மணந்தார். அவ்வூருக்குப் பழைய பெயர் ரம்போர்டு. கவர்னரின் தயவால் உள்ளூர்ப் படையில் மேஜர் பதவியும் கிடைத்தது.

அப்போது குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கொதித்தெழுந்து கொண்டிருந்தன. தாம்சன் அரசர் பக்கம் சாய்ந்தவர் என்று ஊரார் சந்தேகித்தனர். 1774-ம் ஆண்டின் இறுதியில் ஒரு கூட்டம் அவர் வீட்டைச் சூழ்ந்தது. அதற்கு முன்பே அவர் தப்பி ஓடிவிட்டார். மனைவியும், பிறந்து இரண்டு மாதமே ஆன பெண் குழந்தையும் ஊரிலேயே தங்கிவிட்டனர். ஊராரின் சந்தேகம் பொய்யும் அன்று. 1775-ல் அவர் மறைமையால் எழுதிய உளவுக் கடிதம் பிற்காலத்தில் வெளிப்பட்டது. 1776-ல் லண்டன் சேர்ந்து, நான்கே ஆண்டுகளில் துணை அமைச்சர் பதவி வரை உயர்ந்தார். வெடிமருந்தைப் பற்றிய ஆராய்ச்சியால் ராயல் சங்கத்தின் உறுப்பினரும் ஆனார்.

இனி அந்தச் சிற்றூருக்கு வருவோம். நியூயார்க் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 35 மைல் தொலைவில், லாங் ஐலண்டின் வட கரையில் இருப்பது ஹண்டிங்டன். 1776 ஆகஸ்டில் வாஷிங்டனின் படை அத்தீவில் தோற்றது. அன்று முதல் ஏழாண்டுகள் அவ்வூர் பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்தது. ஆண்கள் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியதாயிற்று. படைக்கு விறகு வேண்டும் என்றால் காட்டை வெட்டினர். அது போதாதபோது வேலிகளைப் பிடுங்கினர். வைக்கோல், தானியம், மாடு, வண்டி, வண்டியோட்டி எல்லாவற்றையும் ஊரே கொடுக்க வேண்டும். சிப்பாய்கள் வீடுகளிலேயே தங்கினர். எதிர்க்கரையான கனெக்டிகட்டிலிருந்து புரட்சிப் பக்கத்துப் படகுக்காரர்களும் இரவில் வந்து கொள்ளையிட்டுச் சென்றனர். ஏர் பிடித்து உண்ணும் குடிகளுக்கு இரு பக்கமும் இடி!

1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. போர் ஓய்ந்தது என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் 1782-ன் இறுதியில் ஒரு குதிரைப் படைக்குத் தளபதியாக ஹண்டிங்டனுக்கு வந்தார் லெப்டினன்ட் கர்னல் தாம்சன். குளிர்காலத்தைக் கழிக்க அவர் கோட்டை கட்டத் தேர்ந்த இடம் எது தெரியுமா? ஊரின் இடுகாடு! குன்றின் மேல் இருந்த கல்லறைகள் தரைமட்டமாயின. ஊரார் தொழுத ஆலயத்தை இடித்து அதன் மரத்தைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். தம் தந்தையரையும் குழந்தைகளையும் அடக்கம் செய்த மண்ணை ஊர் மக்களே வெட்டிக் கொடுக்க நேர்ந்தது. கல்லறைப் பலகைகளைக் கொண்டு ரொட்டி அடுப்புகள் கட்டப்பட்டன. வெந்து வந்த ரொட்டியின் அடியில் இறந்தவர்களின் பெயர்கள் தலைகீழாகப் பதிந்திருந்தன என்பது அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் செய்தி. ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்ட குன்றின் பெயரால் அக்கோட்டையைக் கொல்கொதா என்று அழைத்தனர். சமாதான முன்வரைவு 1782 நவம்பர் 30-ல் கையெழுத்தாயிற்று. அந்தக் கோட்டை எந்தப் போருக்கும் பயன்படவில்லை. 1783-ல் படை போயிற்று. மறு ஆண்டே ஊரார் தம் ஆலயத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டனர்.

அதே தாம்சன் 1784-ல் பவேரியாவுக்குச் சென்று அரசப் பணியில் அமர்ந்தார். தலைநகரான மியூனிக்கில் பிச்சைக்காரர்கள் நிறைந்திருந்தனர். 1790 ஜனவரி முதல் நாள் அவர்களைத் திரட்டினார். ஒரு வாரத்துக்குள் சுமார் 2,600 பேர் பட்டியலில் சேர்ந்தனர். அவர்களுக்கு வெப்பமான கூடம், நூற்கவும் தைக்கவும் வேலை, கூலி, மதிய உணவு எல்லாம் ஏற்பாடாயின. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு சேர்த்துக் காய்ச்சிய அந்தக் கஞ்சி அவர் பெயராலேயே ஐரோப்பாவெங்கும் பரவியது. நம் நாட்டில் பஞ்சக் காலத்துக் கஞ்சித் தொட்டியை அறிந்தவர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. குறைந்த விறகில் நிறைந்த சோறு சமைக்க அடுப்பின் அமைப்பையே மாற்றினார். பீரங்கிப் பட்டறையில் அவர் செய்த சோதனையும் அங்கேதான். குதிரையின் உழைப்பால் மட்டுமே, நெருப்பின்றி, 2½ மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது!

பிரபுப் பட்டம் கிடைத்தபோது, தம்மை விரட்டிய ஊரின் பழைய பெயரையே சூட்டிக்கொண்டார். விட்டுவந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அந்த அம்மையார் 1792-ல் காலமானார். மகள் 1796-ல்தான் தந்தையிடம் வந்து சேர்ந்தாள். அதே ஆண்டு வெப்பமும் ஒளியும் பற்றிய ஆராய்ச்சிக்குப் பரிசளிக்க, அமெரிக்காவின் கலை விஞ்ஞானக் கழகத்துக்கு 5,000 டாலர் கொடுத்தார். நம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சந்திரசேகர் 1957-ல் பெற்றது அந்தப் பரிசே. 1799-ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் தோன்ற முன்னின்றார். லவாய்சியரின் விதவையை மணந்து, பின் பிரிந்து, 1814-ல் பாரிஸ் அருகே மறைந்தார்.

இரண்டு அடுப்புகளையும் கட்டுவித்தவர் ஒருவரே. ஓர் அடுப்பு ஆயிரக்கணக்கான ஏழைகளின் பசியைத் தீர்த்தது. மற்றொன்று ஓர் ஊரின் நெஞ்சைச் சுட்டது. அவருடைய அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மியூனிக்கில் எதிரே நின்றவர்களைப் பசித்த மனிதராகக் கண்டார். ஹண்டிங்டனில் எதிரியாக மட்டுமே கண்டார். அவர் பிறந்ததோ அத்தகைய ஊரில், அத்தகைய உழவர் வீட்டில்!

சோதனைச் சாலையில் நாளைக்கு நாமும் பல கருவிகளை ஆக்கப் போகிறோம். ரம்போர்டின் சோதனையைப் படிக்கும் மாணவர்கள் ஹண்டிங்டன் குன்றையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. பாடப் புத்தகத்தில் இன்னும் அரைப் பக்கம் கூடினால் குற்றமில்லை.