சமையலறையில் பிறந்த நூல்

‘சமைத்துப் பார்’ என்னும் நூல் தமிழர் இல்லங்கள் பலவற்றில் அரிசிப் பானைக்கும் அஞ்சறைப் பெட்டிக்கும் அருகில் இடம்பிடித்த நூலாகும். அதனை எழுதி, வீட்டிலிருந்தே வெளியிட்டவர் எஸ். மீனாட்சி அம்மாள்.

மீனாட்சி அம்மாள் 1905ஆம் ஆண்டில் பிறந்தார். இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்தார். கைக்குழந்தையாகிய மகன், முதிய மாமியார், சிறுவனான கொழுந்தன் ஆகியோரைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. கணவரை இழந்த பெண் வெளியில் சென்று பொருளீட்டுவதைச் சமூகம் எளிதில் ஏற்காத காலம் அது. எனினும், அவரிடம் ஒரு திறமை இருந்தது. அவர் சமையற்கலையில் வல்லவர்.

உறவினர் வீட்டு இளம்பெண்கள் திருமணமாகித் தொலைதூர நகரங்களில் குடியேறினர். அருகில் நின்று கற்றுக்கொடுக்கத் தாயோ பாட்டியோ அங்கு இல்லை. ஆகவே, அவர்கள் மீனாட்சி அம்மாளுக்குக் கடிதம் எழுதிச் செய்முறைகளைக் கேட்டனர். அவரும் சலிப்பின்றி எழுதி அனுப்பினார். ஒரே செய்முறையைப் பலருக்கும் எழுத வேண்டியிருந்தது. இதைக் கண்ட அவருடைய உறவினரும் வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், அவற்றை நூலாக்குமாறு ஊக்கமளித்தார்.

இப்பணி எளிதாக அமையவில்லை. அனுபவமுள்ளோர் கைப்பக்குவத்தாலும் கண்ணளவாலும் சமைப்பர். அடுப்பைப் பற்ற வைத்தறியாத ஒருவருக்கு அது போதாது. எனவே, மீனாட்சி அம்மாள் ஒவ்வொரு பொருளையும் ஆழாக்கு, பலம் முதலிய அக்கால அளவுகளில் குறித்தார். எதை முதலில் இடுவது, எப்போது இறக்குவது என்பதையும் வரிசையாக விளக்கினார். குழம்பு, ரசம், ஊறுகாய், பலகாரம் என அன்றாட உணவு முதல் விருந்துணவு வரை அனைத்தும் அதில் அடங்கின.

நூலின் முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. சமையலை வீட்டுப் பெரியோரிடமே கற்பது வழக்கமாக இருந்த காலத்தில், அதற்காகக் காசு கொடுத்து நூல் வாங்குவார்களா என்ற ஐயம் எழுவது இயல்பே. விற்காமல் தேங்கினால் அச்சுச் செலவு முழுவதும் அவர் குடும்பத்தின் தலையில் விழும். ஆயினும், அவர் துணிந்து இறங்கினார். தனிக்குடித்தனம் சென்ற இளம்பெண்களுக்கு அந்நூல் உற்ற துணையாயிற்று. தொடர்ந்து மேலும் இரு பாகங்கள் வெளிவந்தன.

மீனாட்சி அம்மாள் 1962இல் மறைந்தார். அவர் தொடங்கிய பதிப்புப் பணியைக் குடும்பத்தினர் தொடர்ந்தனர். நூல் ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. மணப்பெண்ணுக்குச் சீர்வரிசையோடு அதையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் தோன்றியது. கடல்கடந்து சென்ற தமிழர்களின் பெட்டிகளிலும் அது பயணம் செய்தது.

அவரது வாழ்க்கை நம் நாட்டுத் தாய்மார்களுக்கும் வழிகாட்டுகிறது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ரிங்லெட்டை எடுத்துக்கொள்வோம். மூடுபனியும் மழையும் நிறைந்த அம்மலையூரில் வடகம் எளிதில் காயாது. காற்றுப் புகுந்தால் முறுக்கும் விரைவில் நமத்துவிடும். அங்குப் பலகாரத் தொழில் தொடங்க விரும்பும் தாய்க்குக் கைப்பக்குவம் மட்டும் போதாது. மாவின் அளவு, எண்ணெயின் விலை, காய்வதற்கான நாள், எஞ்சும் ஆதாயம் ஆகியவற்றை எழுதி வைக்கும் பழக்கமும் வேண்டும். எழுதி வைத்தால்தான் இன்று அமைந்த சுவை நாளையும் அமையும்; விலையையும் நட்டமின்றி வகுக்க முடியும். தாம் அறிந்ததைப் பிறருக்கும் பயன்படும் வகையில் ஒழுங்குபடுத்தியதே மீனாட்சி அம்மாளின் வெற்றிக்கு அடிப்படையாகும்.