கலைஞர்களைக் கரைசேர்த்தவர்

நுழையும்முன்

ஓவியருக்குத் தூரிகை போதும், இசைஞருக்குக் கருவி போதும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டிய நேரத்தில் அவர்களுக்கும் முத்திரையிட்ட ஒரு தாள் தேவைப்படுகிறது. அத்தாள் கிடைக்காமல் உயிரிழந்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது பிறருக்காக அத்தகைய தாள்களைத் தேடி அலைந்த ஓர் இளைஞரின் வரலாறு இது.

வேரியன் ஃபிரை 1907ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்றார். மாணவராக இருந்தபோதே, 1927ஆம் ஆண்டில், நண்பர் லிங்கன் கிர்ஸ்டைனுடன் சேர்ந்து ஓர் இலக்கியக் காலாண்டிதழைத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடி அணிந்து, மடிப்புக் கலையாத உடை உடுத்தி, பறவைகளை உற்றுநோக்குவதில் இன்பம் கண்ட அமைதியான மனிதர் அவர். காவலரை ஏமாற்றவும் மலைப்பாதை வழியே ஆட்களை அனுப்பவும் வல்லவராவார் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1935ஆம் ஆண்டு இதழாளராகப் பெர்லின் சென்றபோது, யூதர்கள் தெருவில் அடித்துத் துரத்தப்படுவதை அவர் நேரில் கண்டார். தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்திருந்த யூதர் ஒருவரின் கையை, கத்தியால் மேசையோடு சேர்த்துக் குத்தினர் நாசிக் கட்சியினர். ஊர் திரும்பிய பின்னும் அக்காட்சி அவரை விட்டு அகலவில்லை.

1940ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரான்சு நாடு செருமனியிடம் வீழ்ந்தது. வடபகுதியைச் செருமானியப் படை ஆண்டது. தென்பகுதியை விஷி நகரிலிருந்து மார்ஷல் பெத்தேனின் அரசு ஆண்டது. போர்நிறுத்த உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, செருமனி கேட்கும் அகதிகளை விஷி அரசு ஒப்படைக்க வேண்டும் என்றது. இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி முன்பே பாரிசில் தஞ்சம் புகுந்திருந்த எழுத்தாளர், ஓவியர், இசைஞர், அறிஞர் ஆகியோர் இப்போது தெற்கே ஓடி, மார்சேய் துறைமுகத்தில் வந்து நெருங்கினர். அதற்கப்பால் கடல், கப்பல் இல்லை.

உடன்படிக்கை கையெழுத்தான மூன்றாம் நாளே நியூயார்க்கில் ஒரு மீட்புக்குழு அமைந்தது. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அதற்குத் துணைநின்றார். பணம் திரட்டியாயிற்று, பெயர்ப்பட்டியலும் எழுதியாயிற்று. மார்சேய்க்குச் செல்வதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வேறு எவரும் முன்வராததால் ஃபிரை தாமே செல்வதாகக் கூறினார். அப்போது அவருக்கு வயது 32.

ஆகஸ்டு மாதத்தில் 3,000 டாலரும், ஏறத்தாழ 200 பெயர்கள் கொண்ட பட்டியலுமாக மார்சேய் வந்திறங்கினார். சில வாரங்களில் பணி முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். அங்கே அவர் தங்கியதோ 13 மாதங்கள். தங்கும் விடுதி அறையிலேயே அலுவலகம் தொடங்கிற்று. செய்தி பரவியதும் அறைவாயிலில் தொடங்கிய வரிசை மாடிப்படிகளில் இறங்கி நீண்டது.

அம்மக்களைத் தடுத்தது எது என்பதை மாணவர்கள் சற்றுப் பொறுமையாக அறிய வேண்டும். முதலில், அமெரிக்கா செல்ல நுழைவு இசைவு வேண்டும். அது இருந்தால்தான் போர்ச்சுக்கல் தன் நாட்டு வழியே செல்ல இசைவு தரும். போர்ச்சுக்கலின் இசைவைக் காட்டினால்தான் ஸ்பெயின் தரும். இவை அனைத்தும் கிடைத்தாலும், பிரான்சை விட்டு வெளியேற விஷி அரசின் இசைவு தேவை. அதற்கு விண்ணப்பிப்பது, தேடப்படும் ஒருவர் தம் முகவரியைக் காவலரிடம் தாமே தெரிவிப்பதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு தாளுக்கும் காலவரம்பு இருந்தது. நான்காவது தாள் கைக்கு வருவதற்குள் முதல் தாள் காலாவதியாகிவிடும்.

எனவே ஃபிரை வெளியே ஓர் அறப்பணி நிலையத்தை நடத்திக்கொண்டே உள்ளே வேறொரு பணியைச் செய்தார். உதவித்தொகை வழங்குவது வெளிப்படையான பணி. போலித் தாள்களைத் திரட்டுவது மறைவான பணி. மார்சேயில் இருந்த செக்கோஸ்லோவாக்கியத் தூதர் கடவுச்சீட்டுகள் வழங்கி உதவினார். கேலிச்சித்திரக் கலைஞர் பில் ஃபிரையர் அரசு முத்திரைகளைத் தூரிகையால் அச்சுப்போல வரைந்தார். பின்னாளில் புகழ்பெற்ற பொருளியல் அறிஞரான ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் அப்போது வழிகளைத் துப்பறியும் இளைஞர். இரகசியப் பெயர்ப்பட்டியல்களைச் சுருட்டிப் பற்பசைக் குழாய்களுக்குள் வைத்து அனுப்பினர். ஹான்ஸ், லிசா ஃபிட்கோ இணையர், பிரனீசு மலையின் திராட்சைத் தோட்டங்களினூடே அகதிகளை நடத்திச் சென்று ஸ்பெயின் எல்லையைக் காட்டினர். சட்டத்தை மீறலாமா என்னும் வினா உங்களுக்கு எழக்கூடும். ஃபிரையும் தயங்காமல் இறங்கியவரல்லர். நேர்வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பின்னரே இவ்வழியை நாடினார் என்பதை மறத்தலாகாது.

செப்டம்பரில் ஒரு குழுவை அவரே எல்லைவரை அழைத்துச் சென்றார். இதயநோயால் வருந்திய எழுத்தாளர் ஃபிரான்ஸ் வெர்ஃபெல், அவர் மனைவி ஆல்மா, 69 வயதான நாவலாசிரியர் ஹைன்ரிச் மான், அவர் மனைவி, உறவினரான கோலோ மான் ஆகியோர் வெயிலில் மலையேறிக் கடந்தனர். அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்ததால் ஃபிரை அவர்களுடைய பெட்டிகளைச் சுமந்து தொடர்வண்டியில் சென்றார். ஆல்மாவின் முதற்கணவரான இசைமேதை குஸ்தவ் மாலரின் கையெழுத்து இசைப்படிகள் அப்பெட்டிகளில் இருந்தன. மனிதர் கால்நடையாக, இசை தொடர்வண்டியில் என்று எல்லை கடந்த நாள் அது!

ஓவியர் மார்க் ஷகால் புறப்படவே மனமில்லாதிருந்தார். அமெரிக்காவில் பசுக்கள் உண்டா என்று ஃபிரையிடம் கேட்டாராம். அவருடைய ஓவியங்களைப் பார்த்தவர்கள் இக்கேள்வியைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். 1941 ஏப்ரலில் மார்சேய் விடுதி ஒன்றில் காவலர் ஷகாலைப் பிடித்துச் சென்றனர். ஃபிரை உடனே காவல் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார்; உலகப் புகழ்பெற்ற ஓவியரைச் சிறைப்பிடித்த செய்தி வெளியானால் விஷி அரசு தலைகுனிய நேரும் என எச்சரித்தார். ஷகால் விடுவிக்கப்பட்டார், அவ்வாண்டு சூனில் நியூயார்க்கை அடைந்தார். சிற்பி ஜாக் லிப்ஷிட்ஸ், கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் ஆகியோரும் இவ்வாறு கரைசேர்ந்தவர்களே. ஓவியர் மத்தீஸ் மட்டும் தம் மண்ணை விட்டு வர மறுத்துவிட்டார்.

எல்லோரையும் காக்க முடியவில்லை. மெய்யியலாளர் வால்டர் பெஞ்சமினிடம் அமெரிக்க இசைவும் ஸ்பெயின் வழிச்செல்லும் இசைவும் இருந்தன; பிரான்சின் வெளியேறும் இசைவு இல்லை. லிசா ஃபிட்கோ வழிகாட்ட மலையைக் கடந்து போர்ட்போ வந்த அவரை ஸ்பெயின் காவலர் திருப்பி அனுப்புவதாகக் கூறினர். அன்றிரவே அவர் இறந்தார். உடன்வந்தோர் மறுநாள் மேலே செல்ல விடப்பட்டனர். செருமானிய அரசியல் தலைவர்களான பிரைட்ஷைடும் ஹில்ஃபெர்டிங்கும், ஒளிந்து ஓடுவது தம் தகுதிக்கு இழுக்கு எனக் கருதிக் காத்திருந்தனர். விஷி அரசு அவர்களைச் செருமானியரிடம் ஒப்படைத்தது, இருவரும் மீளவில்லை.

ஃபிரையை வருத்தியது மற்றொன்று. அவர் கையிலிருந்தது புகழ்பெற்றோர் பட்டியல். வாயிலில் நின்றவர்களோ பெரும்பாலும் பட்டியலில் இல்லாதவர்கள். ஒரு கவிஞர் பெரியவரா சிறியவரா என்று ஆராய்ந்து அவர் உயிரின் மதிப்பை முடிவு செய்வது எங்ஙனம்? அவர் நாளடைவில் பட்டியலைக் கடந்தார். ஏறத்தாழ 2,000 பேர் தப்பிச் செல்ல அவர் குழு வழிசெய்தது என்பது பொதுவான கணிப்பு.

அவருடைய சொந்த நாட்டு அரசு இதனை விரும்பவில்லை. விஷி அரசோடு நல்லுறவை நாடிய அமெரிக்க வெளியுறவுத் துறை, அவரைத் திரும்பிவரச் சொல்லி வற்புறுத்தியது. காலாவதியான அவர் கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தரவில்லை. பிறருக்குத் தாள் தேடிய மனிதர் தாமே தாளின்றி நின்றார். துணைத் தூதரக அதிகாரி ஹைரம் பிங்கம் மட்டும் தாராளமாக இசைவுகள் வழங்கி உதவினார்; அவரும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். 1941 ஆகஸ்டு இறுதியில் காவலர் ஃபிரையைக் கைதுசெய்து எல்லைக்குக் கொண்டுபோய் நாட்டைவிட்டு வெளியேற்றினர்.

தாயகம் திரும்பியபின், யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுவதை 1942 திசம்பரில் இதழொன்றில் எழுதினார். தம் மார்சேய் நினைவுகளை 1945இல் நூலாக்கினார். இரண்டும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பிற்காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளிப்பிள்ளைகளுக்கு இலத்தீன் கற்பித்தார். 1967ஆம் ஆண்டு பிரான்சு தன் உயரிய விருதான செவாலியேவை அவருக்கு வழங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் அவர் காலமானார். இளையோருக்காக அவர் எழுதிய மார்சேய் நினைவுகள் அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தது. மார்சேயில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னுள்ள சதுக்கம் இன்று வேரியன் ஃபிரையின் பெயரைத் தாங்கியிருக்கிறது.