மீனுக்கும் வழி கேட்டவர்

மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உப்புநீரும் நன்னீரும் நாள்தோறும் கலந்து ஏறி இறங்குகின்றன. இவ்விரு நீரையும் நம்பி வாழும் மீன்கள் உலகின் பல ஆறுகளில் உண்டு. விலாங்கு கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே செல்லும். உல்லம் மீன் இதற்கு நேர்மாறு; கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். சரவாக் மக்கள் விரும்பி உண்ணும் தெருபோக் மீன் இதன் நெருங்கிய உறவு. இம்மீன்களின் வழியில் அணை குறுக்கிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை தேடித் தமிழ்நாட்டு ஆற்றங்கரைகளில் அலைந்தவர் பிரான்சிஸ் டே.

இவர் 1829ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1852இல் சென்னைப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். கொச்சியில் பணியாற்றிய காலத்தில் மீன்களின் மீது இவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு, 1865இல் மலபார் மீன்களைப் பற்றிய நூலாக வெளிவந்தது.

அக்காலத்தில் கொள்ளிடம் ஆற்றில் மேலணையும் கீழணையும் கட்டி முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவற்றால் தஞ்சை வயல்கள் செழித்தன. ஆனால், மீன்வளம் குன்றுகிறதோ என்ற ஐயமும் எழுந்தது. அணைகளைக் கட்டிய ஆர்தர் காட்டனே அந்த ஐயத்தை அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார் என்பது வியப்புக்குரியது. அதை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது.

அவர் அணைகளை நேரில் கண்டார். முட்டை நிறைந்த உல்லம் மீன்கள் அணையின் அடியில் வந்து முட்டி நின்றன. அங்கேயே அவை கூட்டங்கூட்டமாகப் பிடிபட்டன. முட்டையிடுமுன்பே தாய்மீன்கள் அழிந்தால், அடுத்த ஆண்டு மீனவர் வலையில் என்ன விழும்? அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி விட வேண்டும் என்று டே பரிந்துரைத்தார். சிறு குஞ்சுகளையும் வாரிவிடும் நெருங்கிய கண்ணுள்ள வலைகளையும் பொறிகளையும் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் கூறினார். வயலுக்குரிய நீரை மீனுக்காகத் திறந்துவிடுவது அன்றைய அரசுக்கு எளிய முடிவாக இல்லை.

இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளராக உயர்ந்த டே, 1873இல் நாடு தழுவிய அறிக்கையை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இனங்களை விளக்கும் அவருடைய பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்தது. 1889இல் அவர் காலமானார். நீரில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் இயற்றப்பட்டது.

கொள்ளிடத்து உல்லத்திற்கோ உரிய வழி அமையவில்லை. ஐரோப்பாவில் படித்தொட்டிகளில் துள்ளி ஏறும் சால்மன் மீனைப் போல உல்லம் துள்ளுவதில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் அது மேலும் அருகிப்போனது. ஒவ்வொரு மீனின் இயல்பையும் அறிந்து வழி அமைக்கும் முறை பின்னரே வளர்ந்தது. இன்று ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் சில அணைகளின் ஓரத்தில், தூரிகை மயிர் பதித்த சரிவுப்பாதைகளில் நீர் கசிந்துகொண்டிருக்கிறது. அந்த ஈரத்தைப் பற்றியே விலாங்குக் குஞ்சுகள் நெளிந்து நெளிந்து மேலே ஏறுகின்றன.