நாவல் படித்த இரசாயன மேதை

பரீட்சை நெருங்கும் காலத்தில் பிள்ளையின் கையில் ஒரு நாவலைக் கண்டால் எங்கள் வீடுகளில் தாய் தகப்பனின் மனம் பதறுகிறது. விஞ்ஞானப் பிரிவிலே படிக்கும் பிள்ளையென்றால் சொல்லவே வேண்டாம். இப்படிப் பதறும் பெற்றோர், இந்திய இரசாயனவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் அவர்களின் இளமைக்காலத்தை அறிந்துகொள்வது நல்லது.

ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி, இன்று வங்காளதேசத்திலுள்ள ராருலிக் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் ஹரிஷ் சந்திரர் ஆங்கிலமும் பாரசீகமும் கற்ற நிலச்சுவாந்தர். வீட்டிலே நல்லதொரு நூலகம் வைத்திருந்தார். பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் 1870இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஹெயர் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த சிறுவனை 1874இல் கொடிய வயிற்றுளைவு பீடித்தது. பாடசாலை நின்றது. ஏறக்குறைய இரண்டு வருடங்கள் வீட்டோடு இருக்க நேர்ந்தது.

பெற்றோருக்கு எவ்வளவு கவலையாய் இருந்திருக்கும்! சிறுவனோ தகப்பனாரின் புத்தகங்களுக்குள் புகுந்துகொண்டான். இலத்தீன் மொழியைத் தானாகவே கற்றான். கோல்ட்ஸ்மித் 1766இல் வெளியிட்ட வேக்பீல்ட் குருவானவரின் கதை அவனை வசப்படுத்தியது. செல்வத்தை இழந்து, வீடு எரிந்து, கடனுக்காகச் சிறை சென்றும் விசுவாசத்தில் தளராத ஓர் ஆங்கிலிக்கன் குருவையும் அவர் மனைவி மக்களையும் பற்றிய கதை அது. கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு குடும்பத்தின் துயரம், வங்கத்துக் கிராமத்தில் நோயுற்றிருந்த இந்துச் சிறுவனைத் தொட்டது. ஜோர்ஜ் எலியட்டின் கதைகளும் அவனுக்குப் பிரியமானவை. வங்க மொழியிலோ, 1872இல் தொடங்கிய வங்கதர்சன் சஞ்சிகையில் பங்கிம் சந்திரரின் விஷவிருட்சம் தொடர்கதையாய் வந்ததும் அவனுடைய இளமைக்காலத்திலேதான்.

அந்நாளில் தமிழிலே நாவல் பிறக்கவில்லை. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல்தான் அச்சேறியது. எங்கள் நாட்டில், திருகோணமலை இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891இல் வந்தது. கதைப் புத்தகத்தை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் இப்பெரியோரையும் சற்று நினைக்க வேண்டும்.

நாவல்தான் ராயை விஞ்ஞானியாக்கியது என்று சொல்ல வரவில்லை. சரித்திரமும் பெரியோர் வாழ்க்கை வரலாறுமே அவருக்கு அதிக விருப்பம். ஆனால் 1882இல் அவர் வென்ற கில்கிறிஸ்ற் புலமைப்பரிசிலுக்குப் பல மொழிகளில் தேர்ச்சி வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தோடு மட்டும் நின்றிருந்தால் அது எட்டியிருக்குமா? எடின்பரோ சர்வகலாசாலையில் 1887இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1889இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் மாதம் 250 ரூபா சம்பளத்தில் ஆசிரியரானார். 1896இல் மேர்க்கூரஸ் நைத்திரைற்று பற்றிய ஆய்வு அவருக்குப் புகழ் தந்தது. இந்து இரசாயனத்தின் வரலாற்றை 1902இலும் 1909இலும் இரு பாகங்களாக ஆங்கிலத்தில் எழுதினார். பரிசோதனைக் குழாயை மட்டும் அறிந்த ஒருவரால் அப்படியொரு நூலை எழுதியிருக்க முடியாது.

திருமணம் செய்யாமல், சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழை மாணவருக்குக் கொடுத்து, விஞ்ஞானக் கல்லூரியின் ஓர் அறையிலேயே வாழ்ந்து, 1944 ஜூன் 16இல் அவர் காலமானார். 80 வயதை அண்மித்த வேளையிலும் ஷேக்ஸ்பியரைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார்.