லாரி பேக்கர்

போன மழைக்காலத்தில் என் தம்பியைக் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எந்த ஆஸ்பத்திரின்னு கேட்காதீங்க. வார்டு ஜன்னல் எட்டாத உயரத்தில், அதுவும் பெயிண்ட் அடித்த கண்ணாடி. பிள்ளைச்சாவடியில் அலைச்சத்தம் கேட்டே தூங்கின பையன், ராத்திரியா பகலான்னு தெரியாமல் அழுதான். ஊசிக்குக்கூட அவ்வளவு அழலை. அதற்கப்புறம்தான் இவரைப் பற்றிப் படித்தேன்.

லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தார். கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப்போரில் துப்பாக்கி தூக்காமல், சீனாவுக்குப் போய் காயம்பட்டவர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் சேவை செய்தார். ஊர் திரும்ப பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். அவர் காலில் இருந்த துணிச் செருப்பை காந்தி கவனித்தாராம்! பக்கத்தில் கிடைக்கும் பொருளாலேயே வீடு கட்டவேண்டும் என்ற காந்தியின் கருத்து அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

1945-இல் மறுபடி இந்தியா வந்தார். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இடங்களை, குணமாக்கும் மருத்துவமனைகளாக மாற்றுவதே வேலை. 1948-இல் கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இமயமலையில் பித்தோராகர் என்ற ஊரில் இருவரும் மருத்துவமனை கட்டி 16 வருஷம் இருந்தாங்க. மனைவி வைத்தியம் பார்க்க, இவர் கூடமாட உதவுவார். இங்கிலாந்துப் பாணி அங்கே எடுபடலை. மலைக்காரங்க கல், மண், மரத்தில் கட்டுவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். படித்தவர், படிக்காதவங்ககிட்ட கற்றுக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

1963-இல் கேரளா வந்தார். பிறகு திருவனந்தபுரத்தில் நிறையக் கட்டினார். செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி, சல்லடை மாதிரி சுவர் வைப்பார். அதற்கு ஜாலி என்று பேர். காற்று வரும், மழை அவ்வளவா வராது, வெயில் தரையில் புள்ளிப்புள்ளியாக விழும். ஜன்னல் செலவும் மிச்சம். மரம் குறுக்கே நின்றால் வெட்டமாட்டார், சுவரை வளைத்துவிடுவார். 1990-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2007 ஏப்ரல் 1 அன்று காலமானார்.

கீழே ஒட்டியிருப்பது நான் வரைந்த குழந்தைகள் வார்டு. சுவர் முழுக்க ஜாலி. கட்டிலில் படுத்தபடியே வெளியே பார்க்கலாம். தம்பிகிட்ட காட்டினேன். கொசு வருமேன்னு கேட்டான். அதனால வலை போட்டிருக்கேன். ஓரத்தில் இருக்கும் தென்னைமரமும் படகும் அவன் வரைந்தது.